பூட்டிய பீரோவில் அழிந்த படங்கள்

"என்னைத் திருடின்னு சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன் சார். செத்துப்போனவ மேல பொறாமைப்படுறவன்னு சொல்லிட்டார் என் வீட்டுக்காரர்" என்றாள் அந்த நர்ஸ்.

துப்பறிவாளர் எதிர் நாற்காலியைக் காட்டினார். எதற்கும் அவசரப்படாத அவருக்கு ஊர் வைத்த பெயர் நிதானம். அவருடைய மைத்துனிக்கு அந்தக் குணம் சுட்டுப்போட்டாலும் வராது. வங்கி வேலையை உதறிவிட்டு அக்கா புருஷனுக்கு உதவியாக வந்தவள், நர்ஸ் உட்காருவதற்குள் குற்றவாளியைத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

நர்ஸ், ஓர் இன்ஜினியருக்கு இரண்டாம் தாரம். முதல் மனைவி நோயில் இறந்தபோது விட்டுப்போன மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தாயின் படங்களும், அவள் பாடி மகளைத் தூங்கவைக்கும் வீடியோவும் ஒரு ஹார்ட் டிஸ்கில் இருந்தன. டிஸ்க் இரும்பு பீரோவில். பீரோவுக்கு ஒரே சாவி. அது இன்ஜினியரின் கழுத்துச் சங்கிலியில். நேற்று மகள் அம்மாவின் பாட்டைக் கேட்க ஆசைப்பட்டாள். டிஸ்கைப் போட்டால் படங்களையும் காணோம், பாட்டையும் காணோம்.

"வீட்டுல வேற யாரு இருக்கா? அவர் தூங்கும்போது நான் சாவியை எடுத்திருப்பேனாம். எங்க அண்ணனுக்கு போன் போட்டு, உன் தங்கச்சியைக் கூட்டிட்டுப் போன்னுட்டார். அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கார் சார். அதைவிட, அந்தப் பொண்ணு நேத்துலேருந்து என் முகத்தைப் பார்க்கல."

"கிளம்பலாம்" என்று எழுந்தார் நிதானம்.

நர்ஸ் வீட்டுக் கூடத்தில் அவளுடைய அண்ணன் சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார். தங்கையின் பெட்டி காலடியில் இருந்தது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது; மகள் அங்கேதான் இருந்தாள். கணினி முன்னால் இன்ஜினியர். டிஸ்க் செருகியிருந்தது, கை மவுஸ் மேல் இருந்தது.

"மிச்சம் இருக்கிறதாவது பத்திரமா இருக்கட்டும். இன்னைக்குக் கொண்டுவந்த ஆபீஸ் வரைபடங்களையும் சேர்த்து பேக்கப் எடுத்துடறேன்" என்றார் அவர்.

"கையை எடுங்க!"

மைத்துனி திடுக்கிட்டாள். அத்தான் சத்தம் போட்டு அவள் கேட்டதே இல்லை.

நிதானம் உட்கார்ந்து முதலில் டிஸ்கையும் பிறகு கணினியையும் திறந்து பார்த்தார். பார்த்ததும் டிஸ்கைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அதற்குள் மைத்துனி சாவியை வாங்கி முகர்ந்துவிட்டாள்.

"அத்தான், சோப்பு வாசனை! யாரோ சோப்புல அச்சு எடுத்து மாற்றுச் சாவி செஞ்சிருக்காங்க!"

"குளிக்கும்போதும் நான் அதைக் கழட்ட மாட்டேன்" என்றார் இன்ஜினியர் வெடுக்கென்று. மைத்துனி சாவியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அந்தப் படங்க கம்ப்யூட்டர்ல ஏன் இல்ல?" என்று கேட்டார் நிதானம்.

"நான்தான் அழிச்சேன், அவ படம், பாட்டு, எங்க பழைய நாய் படம் எல்லாத்தையும். இடமே இல்லாம கம்ப்யூட்டர் திணறிச்சு. டிஸ்க்ல எல்லாம் இருக்கான்னு வெள்ளிக்கிழமை பார்த்துட்டுத்தான் இங்க அழிச்சேன். முதல் கல்யாண ஆல்பத்தை மட்டும் விட்டுவெச்சேன், பொண்ணு அடிக்கடி பார்ப்பா."

"அப்புறம் டிஸ்கை எப்ப எடுத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை, வழக்கமான பேக்கப்புக்கு. எது தவறினாலும் அது தவறாது. முடிஞ்சதும் பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன்."

"டிஸ்க்ல புதுசா ஒரு சினிமா ஏறியிருக்கே, அது?"

"பொண்ணு சனிக்கிழமை கம்ப்யூட்டர்ல ஏத்தினது. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

நிதானம் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார். "டிஸ்க்ல கல்யாண ஆல்பம் அப்படியே இருக்கு. பொறாமையில அழிக்கிறவ முதல்ல எதுல கைவைப்பா? மாலையும் கழுத்துமா நிக்கிற படத்துல. அதை விட்டுட்டு உங்க பழைய நாய் படத்தையெல்லாம் அழிப்பாளா? இன்னொண்ணு. கம்ப்யூட்டர்ல இருக்கிறதெல்லாம், இன்னைக்கு வந்த வரைபடம் தவிர, டிஸ்க்ல இருக்கு. கம்ப்யூட்டர்ல நீங்க அழிச்சது எதுவும் டிஸ்க்ல இல்ல. நீங்க எதை விட்டுவெச்சீங்களோ அது மட்டும்தான் அங்கயும் மிஞ்சியிருக்கு. இந்த பேக்கப்பை அமைச்சது யாரு?"

"நான்தான். தேவையில்லாத குப்பை டிஸ்க்ல சேரக் கூடாதுன்னு பார்த்துப் பார்த்து அமைச்சேன்."

"அங்கதான் வினை." நிதானம் தன் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். கணினியில் புதிதாக ஒரு ஃபோல்டரைத் திறந்து ரோஜாப் படம் ஒன்றும் பூனைப் படம் ஒன்றும் போட்டார். அதே அமைப்பில் பென் டிரைவுக்கு பேக்கப் எடுத்தார். இரண்டும் போய்ச் சேர்ந்தன. பிறகு கணினியில் பூனையை மட்டும் அழித்தார். "இப்ப நீங்களே பட்டனை அழுத்துங்க."

இன்ஜினியர் அழுத்தினார். பென் டிரைவில் ரோஜா மட்டும் இருந்தது.



"கம்ப்யூட்டர்ல எது இல்லையோ அதை டிஸ்க்லயும் நீக்கிடுன்னு நீங்க சொல்லிவெச்சிருக்கீங்க. வெள்ளிக்கிழமை இங்க அழிச்சீங்க. ஞாயித்துக்கிழமை அங்கயும் அழிச்சீங்க. நகல் எடுக்கிற டிஸ்கையே பெட்டகம்னு நினைச்சதுதான் தப்பு. அந்த பீரோவுல நீங்க பூட்டினப்பவே படங்க போயிடுச்சு."

இன்ஜினியரின் முகம் வெளுத்தது. "அப்ப என் கையாலயே... அவ பாட்டை..."

"அழிச்சது உடனே ஒழிஞ்சு போகாது. அதே இடத்துல வேற ஏதாவது எழுதற வரைக்கும் அடியில கிடக்கும். சினிமா ஏறினதுல கொஞ்சம் போயிருக்கலாம். இப்ப வரைபடத்தையும் ஏத்தியிருந்தா இன்னும் போயிருக்கும். தோண்டி எடுக்கத் தெரிஞ்ச ஆள் இருக்கார், இப்பவே கொண்டுபோறேன். முழுசா வரும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்."

மைத்துனிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்ஜினியர் எழுந்து சோபாவைப் பார்த்துக் கைகூப்பினார். "மச்சான், தப்பு என் மேலதான். நீங்க மனசுல எதுவும்..."

"அண்ணன்கிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் நர்ஸ். அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "சந்தேகப்பட்டது என்னை. சொல்றதை என்கிட்டச் சொல்லுங்க. பொண்ணு காதுபட என்னைப் பேசினீங்க இல்ல, அவளைக் கூப்பிட்டு, அவ காதுபடவே சொல்லுங்க."

கூப்பிய கையைக் கீழே இறக்க இன்ஜினியருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு நடந்துபோய் மகளின் கதவைத் தட்டினார்.