உப்பு ஏறிய கிணறு

"ஐயோ... வேண்டாமுங்க! குதிச்சராதீங்க!"

பின்னாலிருந்து வந்த கூச்சலில் வேல்விழிக்குப் பாதி உயிர் போய்விட்டது. கயிறு கையை விட்டு நழுவியது. கயிற்று நுனியில் கட்டியிருந்த பாட்டில் கிணற்றுச் சுவரில் மோதி, எங்கோ ஆழத்தில் தொபுக்கென்று விழுந்தது. அவள் திரும்புவதற்குள் ஒரு கை தோளைப் பிடித்து இழுக்க, இரண்டு பேருமே ஈரப் புல்லில் போய் விழுந்தார்கள்.

"எதாருந்தாலும் பேசிக்கலாமுங்க... ஒரு அரியர்னா அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம். உசுரு முக்கியமில்லீங்களா?"

மூச்சு வாங்கப் பேசிக்கொண்டிருந்தான் அவன். சட்டையெல்லாம் சேறு.

"யாருக்கு அரியர்?" வேல்விழி எழுந்து நின்றாள். கோபம் வந்தால் அவள் பேச்சில் சொந்த ஊரான கமுதி வழக்கு தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். "ஏன்யா, தண்ணி எடுக்க வந்தவள இப்படியா புடிச்சு இழுப்பாக? சாம்பிள் எடுக்கேன்... சாம்பிள்! பாட்டில் போச்சு!"

அவன் கிணற்றைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். காதுமடல் வரை சிவந்துபோனான்.

"மன்னிச்சுக்குங்க... அப்படி எட்டிப் பாத்துட்டு நின்னீங்களா, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சுங்க."

ஐப்பசித் தூறல் அவன் இமைகளில் முத்து முத்தாய் நின்றது. அதற்குக் கீழே இரண்டு கண்கள்... இன்னும் பயம் தெளியாத கண்கள். யாரென்றே தெரியாத ஒருத்திக்காக ஒருவன் இவ்வளவு பயப்படுவானா? வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவே இருந்த அந்தப் பொறியியல் கல்லூரியில் அவள் மூன்றாம் ஆண்டு சிவில். 2007ஆம் ஆண்டு அது. வளாகத்தையே பசுமையாக மாற்றப்போவதாகக் கல்லூரி ஒரு திட்டம் போட்டிருந்தது. கூரையில் விழும் மழையைத் தொட்டியில் பிடிப்பது, குளியலறைத் தண்ணீரைச் சுத்தம் செய்து தோட்டத்துக்கு விடுவது, விடுதிச் சமையல் கழிவில் எரிவாயு எடுப்பது என்று நீண்ட திட்டம். பேராசிரியர் சிவசுப்பிரமணியம்தான் குழுத் தலைவர். வளாகத்தின் பின்மூலையில் இருக்கும் இந்தப் பழைய கிணற்றைத் தூர்வாரி, தை மாதம் முதல் பெண்கள் விடுதிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் ஒன்று. வாரம் ஒரு முறை கிணற்று நீரை அளந்து எழுதுவது வேல்விழியின் வேலை.

அவன் பெயர் சுரேந்தர். கடைசி ஆண்டு டெக்ஸ்டைல். மரக்கன்று நட இடம் பார்க்க அவன் துறையிலிருந்து அனுப்பியிருந்தார்கள்.

"இருங்க, நானே எடுத்துத் தாரனுங்க" என்று அவள் பையிலிருந்த இன்னொரு பாட்டிலையும் கயிற்றையும் வாங்கி, குட்டைச் சுவரில் குனிந்து இறக்கி நீர் மொண்டு தந்தான். வேல்விழி அதில் உப்பின் அளவு காட்டும் மீட்டரை நுழைத்தாள். குடிக்கிற தண்ணீருக்கு ஐந்நூறுக்குள் காட்ட வேண்டும்.

நாலாயிரத்து நூறு.

"மீட்டர் கோளாறுங்களா?" என்றான் சுரேந்தர்.

அவள் உள்ளங்கையைக் குழித்து மழையைப் பிடித்து அதில் மீட்டரை வைத்தாள். முப்பது. மீட்டர் சரியாகத்தான் இருந்தது.

அவன் வளாகத்தின் கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், மழையில் மங்கித் தெரிந்த தென்னந்தோப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். எதற்கு அப்படிப் பார்க்கிறான் என்று அவளுக்கு அன்று தோன்றவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் இரண்டு பேரும் சேர்ந்தே அலைந்தார்கள். விடுதிக் கூரைகளை நாடா பிடித்து அளந்தார்கள். ஒழுகும் குழாய்களை எண்ணினார்கள். எண்பத்தேழு!

"சீனியர்னா அண்ணான்னு கூப்பிடோணுமுங்க. நம்ம காலேஜ் வழக்கம் அது" என்றான் ஒருநாள்.

"சரிங்கண்ணா."

"ஐயோ... வேண்டாமுங்க. வழக்கத்தச் சொன்னேன். அவ்ளோதான்."

அவள் சிரித்த சிரிப்பில் மொட்டைமாடிப் புறாக்கள் எழுந்து பறந்தன. ஆனால், விடுதிக்குப் போனதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அவன் வீட்டில் தோட்டம், துரவு, கார் எல்லாம் இருக்கிறதாம். அவள் அப்பா வீரணன் கமுதிப் பக்கமிருந்து பிழைக்க வந்து, வேலம்பாளையத்தில் ஒற்றை அறை லைன் வீட்டில் குடியிருந்து லாரி ஓட்டுகிறவர். இந்தச் சிரிப்பு எங்கே கொண்டுபோய் விடும்? வேண்டாம்... நாளை முதல் அளவாகப் பேச வேண்டும்... நினைத்துக்கொள்வாள். மறுநாள் அவன் 'ஏனுங்க' என்றதும் எல்லாம் மறந்துபோகும்.

கிணற்றில் உப்பு மட்டும் வாரா வாரம் ஏறிக்கொண்டே போனது. நாலாயிரத்து அறுநூறு. ஐயாயிரத்து இருநூறு. மழை பெய்யப் பெய்யக் குறையத்தானே வேண்டும்?

நான்காம் வாரம் சுரேந்தர் வரவில்லை. வேல்விழி தனியாகக் கிணற்றடிக்குப் போனாள். உச்சிவெயில். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு எஞ்சின் உறுமும் சத்தம் கேட்டது. கம்பியில் முகத்தைப் பதித்துப் பார்த்தாள்.

தென்னைகளுக்கு நடுவே ஒரு டேங்கர் லாரி நின்றிருந்தது. அதன் வயிற்றிலிருந்து போன தடித்த குழாய், ஒரு பழைய ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கியிருந்தது. இணைப்பில் கசிந்த நீர் கத்தரிப்பூ நிறத்தில் மண்ணில் ஓடியது. சாயக்கழிவு! நிறத்தை மண் வடிகட்டிவிடும். உப்பை வடிகட்டாது... அவளுக்குப் புரிந்துவிட்டது.

அப்போது குழாயைக் கழற்ற ஓட்டுநர் இறங்கி வந்தார். தலையில் சிவப்புத் துண்டு. இடது காலைச் சற்றே இழுத்து நடக்கும் நடை...

அப்பா.

வீரணனும் மகளைப் பார்த்துவிட்டார். இரண்டு பேரும் அசையவில்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பிறகு அவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியில் ஏறினார்.

அந்தச் சனிக்கிழமை வேல்விழி வீட்டுக்குப் போனாள். அப்பா வாசற்படியில் உட்கார்ந்து கைவிரல்களில் ஒட்டிய சாயத்தை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஊத்தச் சொன்னாக, ஊத்துனேன் தாயி. மாட்டேன்னா அடுத்த ஆளுட்ட சாவியக் குடுப்பாக. உன் படிப்பு பாதியில நிக்கும்."

"யாருப்பா சொன்னது?"

"முதலாளிதான். ஈஸ்வரமூர்த்தி. சாயப்பட்டறையும் அவுகளுது, தோப்பும் அவுக தோப்புதான். மாட்டுனா, நீதான ஊத்துனன்னு என்னையத்தான் புடிச்சுக் குடுப்பாக..." என்றவர், தாழ்ந்த குரலில் சொன்னார். "அவுக மகன் கூட உங்க காலேஜுலதான் படிக்கிதாம். சுரேந்தருன்னு பேரு."

வேல்விழிக்கு அந்தத் தோப்பையே பார்த்து நின்ற முகம் நினைவுக்கு வந்தது. அவனுக்குத் தெரியும்! தெரிந்துகொண்டுதான் கூடவே சுற்றினானா? அளவைக் குறைத்து எழுத வைக்கவா அந்தச் சிரிப்பு, அந்தப் பேச்சு... எல்லாம்?

திங்கட்கிழமை அவன் எதிரே வந்தபோது வேறு வழியாகப் போனாள். செவ்வாயன்றும் அப்படியே. புதனன்று நூலகப் படிக்கட்டில் அவன் வழிமறித்தான்.

"ஏனுங்க... என்ன தப்புப் பண்ணுனேன்? சொல்லிட்டாவது போங்க."

"வேலிக்கு அந்தப் பக்கம் யாரு தோப்பு?"

அவன் முகம் வெளிறிப்போனது.

"எங்களதுங்க."

"சாயத் தண்ணிய உள்ள விடுறது?"

"எனக்குத் தெரியாதுங்க. சத்தியமா..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டான். "இல்லீங்க. பாதிதான் நெசம். அன்னிக்கி மீட்டரப் பாத்தப்பவே சந்தேகம் வந்துருச்சு. அந்த போர் கெணத்துல தண்ணி வத்தி ஆறு வருசமாச்சு. அப்புறம் ஏன் அங்க வண்டித்தடம் கெடக்குதுன்னு... ஆனா, போயிப் பாக்கல. பாத்தா நெசமாயிருமேன்னு பயந்துட்டனுங்க."

அவனைத் திட்டுவதற்கு அவள் ஆயிரம் வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. அவளும் இத்தனை நாளாக அதே பயத்தில்தானே கிடக்கிறாள்?

"அந்த டேங்கர ஓட்டுறது யாரு தெரியுமா?" என்றாள். "எங்கப்பா."

அவன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் திட்டக் குழுக் கூட்டம். கிணற்றைப் பற்றி அவள்தான் பேச வேண்டும். வாரா வாரம் வந்த அளவுகளில் ஆயிரத்தை அழித்து, கடைசி ஐயாயிரத்து எண்ணூறை எண்ணூறு என்று எழுதினால் போதும்; அந்த அளவுக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் எண்ணை அழித்தால் அப்பா தப்பிவிடுவார். ஆனால், தை மாதத்திலிருந்து முந்நூறு பெண்கள் அந்தத் தண்ணீரில் குளிப்பார்கள், வாய் கொப்பளிப்பார்கள், சமைத்துச் சாப்பிடுவார்கள்.

"நீங்க சொல்ல வேண்டாமுங்க. நான் சொல்லிக்கறேன்" என்றான் சுரேந்தர்.

"அளந்தது நான். நான்தான் சொல்லணும்" என்றாள்.

கூட்ட அறையில் பதினைந்து பேர் இருந்தார்கள். வேல்விழி எழுந்து நின்றாள். வாரா வாரம் எடுத்த அளவுகளை வாசித்தாள். கடைசியாக, அந்த ஐயாயிரத்து எண்ணூறையும்.

சிவசுப்பிரமணியம் கண்ணாடியைக் கழற்றினார். "இவ்வளவு உப்பு எங்கிருந்தும்மா வருது?"

அவள் வாயைத் திறந்தாள். அப்பாவின் மண்ணெண்ணெய் வாசமடிக்கும் கைகள் கண்ணுக்குள் வந்தன. பேச்சு எழவில்லை...

நாற்காலி பின்னே நகரும் சத்தம்.

"எங்க தோப்புலருந்துங்க சார்." சுரேந்தர் எழுந்து நின்றிருந்தான். "எங்க சாயப்பட்டறைக் கழிவ எங்கய்யன் சொல்லி அங்க போர்ல விடறாங்க. நேத்து நானே போயிப் பாத்தேன். போட்டோ எடுத்துருக்கறனுங்க. வண்டி ஓட்டுனவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. ஓட்டச் சொன்னது நாங்க. எங்க வேணாலும் எழுதிக் குடுக்கறேன்."

வேல்விழி அவனைப் பார்த்தாள். அவன் போட்டோக்களை எடுத்துப் பேராசிரியர் முன் வைத்தான்.

மறுநாள் காலை கல்லூரி வாசலில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி சட்டையில் இறங்கியவர் தாழ்வாரத்தில் அவளைக் கண்டதும் நின்றார். ஈஸ்வரமூர்த்தி. முகத்தில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீதான் வீரணன் புள்ளையா? சாப்புட்டியா கண்ணு?"

"சா... சாப்பிட்டேங்கய்யா."

"உங்கொப்பன் பத்து வருசமா நம்மகிட்ட ஓட்டறான். நல்ல ஆளு. ரோட்டுல வண்டிவாசி அதிகமாயிருச்சு பாரு... பாத்துப் போகச் சொல்லு கண்ணு."

அவள் தூணோரம் ஒதுங்கினாள். அப்போது சுரேந்தர் ஓடி வந்து இருவருக்கும் நடுவில் நின்றான்.

"ஐயா, அவங்ககிட்டப் பேச வேண்டாமுங்க. சொன்னது நானு. வீரணண்ணனுக்கு ஒண்ணுன்னா அதையும் நானே போயிச் சொல்லுவேன்."

ஈஸ்வரமூர்த்தி மகனை நெடுநேரம் பார்த்தார். அவர் கண்ணில் முதல்முறையாக ஏதோ கலங்கியது.

"ஊட்டுப் பக்கம் வந்தராத" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

அன்று மாலை வேலம்பாளையம் பேருந்து நிறுத்தத்தில் வேல்விழி காத்திருந்தாள். ஒவ்வொரு லாரிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள். ஒரு டவுன் பஸ், இரண்டாவது, மூன்றாவது... நான்காவதிலிருந்து சிவப்புத் துண்டு இறங்கியது. ஓடிப்போய் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சாவியக் குடுத்துட்டேன் தாயி" என்றார் வீரணன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தார். "பத்து வருசமாச்சு... இன்னைக்காவது அந்தச் சாய வாடை இல்லாம சோறு திம்பேன்."

ஆழ்துளைக் கிணற்றை அதிகாரிகள் வந்து கான்கிரீட் கொட்டி மூடினார்கள். பட்டறையையும் பூட்டி வைத்தார்கள். அவள் பயந்ததற்கு மாறாக, வீரணனை யாரும் தொடவில்லை. ஒரு மாதம் அலைந்து, பனியன் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிவரும் பஸ்ஸில் வேலைக்குச் சேர்ந்தார். சுரேந்தர் விடுதியில் ஓர் அறை எடுத்துக்கொண்டான். அவன் அம்மா மட்டும் யாருக்கும் தெரியாமல் தொலைபேசியில் பேசி அழுவார்களாம். கிணறு தெளிய இன்னும் எத்தனை வருடமோ. அதனால், திட்டத்தையே மாற்றி எழுதினார்கள். கிணற்றுக்குப் பதில் விடுதிக் கூரை மழை முழுவதையும் பிடிக்க ஒரு பெரிய நிலத்தடித் தொட்டி.

மார்கழி முதல் வாரம். தொட்டிக்கு இடம் குறிக்க இரண்டு பேரும் சுண்ணாம்புப் பொடியோடு நின்றார்கள். பருவம் தப்பிய தூறல் ஒன்று விழுந்து, போட்ட கோடுகளையெல்லாம் கரைத்துக்கொண்டிருந்தது. அவன் மறுபடி மறுபடி போட்டான். வீட்டை விட்டு வந்ததில் இளைத்துப் போயிருந்தான். ஆனால், கண்கள்... அதே கண்கள். மழை தங்கும் இமைகள்.

இந்தக் கண்களுக்கு முன்னால் இனி எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? ஆனால் சொல்லிவிட்டால்...? ஏற்கெனவே ஒரு வீடு இரண்டாகிக் கிடக்கிறது. அவனுடைய ஆட்கள், சொந்தபந்தம்...

"என்னங்க ரோசன?" என்றான்.

"பயமாருக்கு."

"எனக்குந்தானுங்க. ஒரு மாசமாவே."

"உங்க வீட்டுல ஒத்துக்கவே மாட்டாங்க."

"மாட்டாங்க" என்றான் உடனே. அவளைத் தேற்ற ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பிறகு மெதுவாக அவன் உதட்டோரம் ஒரு சிரிப்பு விரிந்தது.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?"

"இல்லீங்க... எதுக்கு ஒத்துக்க மாட்டாங்கன்னு நீங்க இன்னும் சொல்லவே இல்லீங்களே."

வேல்விழி நாக்கைக் கடித்துக்கொண்டாள். முகம் கொதித்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தாள். கால் நகரவில்லை.

"பிடிச்சிருக்கு" என்றாள் ஈர மண்ணைப் பார்த்தபடி. "உங்கள எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ராத்திரிப் பகலா பயமாவும் இருக்கு. ரெண்டும் சேந்தே இருக்கு. போதுமா?"

அவன் கையிலிருந்த சுண்ணாம்புத் தட்டு சாய்ந்து, பொடியெல்லாம் அவன் காலிலேயே கொட்டியது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"போதாதுங்க" என்றான். "மொத பாதிய மட்டும்... இன்னொருக்காச் சொல்லுங்க."

அவள் நிமிர்ந்து, அவன் கண்களைப் பார்த்தே சொன்னாள்.