சேலையின் மறுமுனை

சேற்றுக்குள் கிடந்த சேலையில் சேறு ஒட்டியிருக்கவில்லை.

செம்மல் அதைக் கவனித்தான். கவனித்த கையோடு மறந்தும் விட்டான். தனக்கு உபயோகப்படாத எதையும் மறந்துவிடுவது அவனுடைய பெருந்திறமைகளில் ஒன்று. மணமேல்குடிக்குக் கிழக்கே ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரத்தில், அலையாத்தி வேர்களுக்கு நடுவே, கறுப்புக் களிமண்ணில் பாதி புதைந்து கிடந்தது அது. அரக்கு நிறம், பச்சைக் கரை. பிடித்து இழுத்தான். ஜவுளிக்கடைப் பையன் பிரித்துக் காட்டுவது போல முழு நீளமும் சுத்தமாக வந்தது.

"அதப் போடுங்க மாப்ள" என்றார் உடையப்பன். செம்மலின் மனைவி திலகவதிக்கு அண்ணன் அவர். "கருமாதி கும்புட வர்றவங்க விட்டுட்டுப் போற சேலை. செத்த பொம்பளைக்குன்னு எடுத்து, இங்கன தண்ணியில விட்டுட்டு, திரும்பிப் பாக்காமப் போயிருவாங்க. யாரும் தொடமாட்டாங்க."

"செத்தவங்களுக்கு எதுக்கு மச்சான் பாலியஸ்டர்?" என்றான் செம்மல். அவன் திருச்சியில் ஒரு டைல்ஸ் கம்பெனியின் மண்டல மேலாளர். பதில் இல்லாத கேள்விகளாகக் கேட்டே அந்த நாற்காலிக்கு வந்தவன்.

இத்தனை வீம்புக்கும் காரணம் முந்தின நாள் நடந்த அவமானம். கீரமங்கலத்துக்குப் பக்கத்தில், திலகவதியின் ஊர்க் கண்மாயில் மீன்பிடித் திருவிழா. ஊர்ப் பெரியவர் கரைமேல் நின்று வெள்ளைத் துண்டை வீசினார். ஊரே ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் குதித்தது. ஊத்தா என்றால் அடியில்லாத மூங்கில் கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல்வாய்க்குள் கைவிட்டு எடுக்க வேண்டியதுதான். இடுப்பில் இருந்த கைக்குழந்தைக்குக்கூட ஒரு கெண்டை அகப்பட்டது. செம்மல் மட்டும் கரையிலேயே நின்று, ஆன்லைனில் வாங்கிய தூண்டிலை, ஊரே கலக்கிக்கொண்டிருந்த முழங்கால் ஆழத்துக்குள் வீசினான். நடுக்கண்மாயில் குனிந்திருந்த ஒரு பெரியவரின் கோவணத்தைத் தவிர வேறெதுவும் அந்த முள்ளில் மாட்டவில்லை. அவரும் நன்றாகத்தான் போராடினார்.

ராத்திரி விரால் குழம்பு. உடையப்பன் பிடித்த விரால், முதல் கவளத்தில் முழ நீளம் இருந்தது. ரசத்துக்கு வருவதற்குள் ஆள் உயரம் ஆகிவிட்டது. "மாப்ளைக்கு நடுத்துண்டம் வைம்மா. பாவம், வெயில்ல நின்னாரு" என்றார். செம்மல் முகத்தைச் சுளித்துக்கொண்டே மூன்று முறை கேட்டு வாங்கித் தின்றான். உப்புத்தண்ணி மீனைப் பிடித்து இவர்கள் வாயை அடைக்கிறேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முகத்துவாரத்துக்கு வந்தார்கள். பொழுது சாயும்வரை தூண்டில் வீசினான். தூண்டில் நரம்பு சிக்கியது, சிக்கெடுத்தான், மறுபடி சிக்கியது. உடையப்பன் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "சரி மாப்ள, நீங்க பிடிச்சுக்கிட்டே இருங்க. நான் கடைத்தெருவுல போய் மீன் வாங்கிட்டு வாரேன்" என்று காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கரையில் திலகவதி பாய் விரித்து மாங்காய் அரிந்து மிளகாய்த்தூள் தூவிக்கொண்டிருந்தாள். அவர் தலை மறைந்ததும், அவர் போடச் சொன்ன சேலையைச் செம்மல் மறுபடி கையில் எடுத்தான்.

இனியாவைக் கூப்பிட்டான். பன்னிரண்டு வயது மகள். ஒரு முனையை அவள் இடுப்பில் தானே சுற்றி, தானே முடிச்சுப் போட்டான். "கை ரெண்டும் ஃப்ரீயா இருக்கும். அடிக்கரையத் தூக்கிப் பிடி. ஐடியா எப்பிடி?" என்று தன்னையே மெச்சிக்கொண்டான். அலையாத்திக்கு நடுவே ஓடிய குறுகின ஓடையைக் கடந்து, அவள் எதிர்ப்பக்கத்து அலையாத்திப் புதருக்கு ஓரமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மறுமுனை இவன் கையில். இருவருக்கும் நடுவே சேலை தண்ணீருக்குள் வயிறு தள்ளி விரிந்தது.

முதல் அள்ளலிலேயே மடவை. வெள்ளிக் காசு கொட்டின மாதிரி. அடுத்ததில் கிழங்கான், இறால், பெயர் தெரியாத ஏதேதோ. பக்கெட் நிறைந்து வழிந்தது. செம்மலுக்குத் தலைகால் புரியவில்லை. போனை எடுத்துப் பக்கெட்டைப் படம் பிடித்தான், பக்கெட்டோடு தன்னைப் படம் பிடித்தான், தன்னை மட்டும் தனியாகப் பிடித்தான். இனியா எதிர்ப்பக்கமிருந்து என்னமோ சொன்னாள். "ம்" என்றான். மறுபடி சொன்னாள். "ம், ம்" என்றான். மகள் எது சொன்னாலும் அவனிடம் அந்த ஒரு பதில்தான் இருந்தது.

போனை இடுப்புப் பையில் போட்டுவிட்டு மறுபடி சேலையைப் பற்றியபோது சூரியன் மேற்கே பனைமரங்களுக்குப் பின்னால் இறங்கியிருந்தது. ஓடைத் தண்ணீர் பழுப்பிலிருந்து ஈய நிறத்துக்கு மாறி, கடலை நோக்கிச் சத்தமில்லாமல் வற்றத் தொடங்கியிருக்க, அம்மணமாகிவிட்ட சேற்றில் நண்டுகள் ஆயிரம் பேர் நாக்கைச் சப்புக்கொட்டுவது போல ஓசை எழுப்ப, அழுகின இலையும் கந்தகமும் கலந்த வாடைக்கு அடியில், உப்பில் ஊறின துணியிலிருந்து வரக்கூடாத ஒரு மணம், புதுத்துணியின் கஞ்சி மணம், அவன் மூக்குக்கு எட்டியது. எதிர்ப்பக்கம் புதரின் இருட்டில் ஒரு தலை மட்டும் தெரிந்தது. சேலை விறைத்து நின்றது. கனமாக இருந்தது.

"பெரிய மீனு!" என்று கத்தினான். "இனியா, அசையாம நில்லு!"

தலை அசையவில்லை.

"ஏங்க!" கரையிலிருந்து திலகவதியின் குரல். "எம்புட்டு நேரம்தான் தனியா நிப்பீங்க? ஏறி வாங்க. புள்ள அப்பவே வந்து தலை துவட்டிட்டு ஒக்காந்துருக்கா."

செம்மல் சிரித்தான். இந்தக் குடும்பத்துக்கே கண் சரியில்லை என்று நினைத்தான். திரும்பிப் பார்த்தான்.

பாயில், தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, மாங்காயைக் கடித்தபடி ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்திருந்தாள்.

"இனியா?"

"என்னப்பா?"

"நீ எப்பக் கரையேறுன?"

"ஒங்ககிட்டச் சொல்லிட்டுத்தானே வந்தேன். குளுருதுப்பா, முடிச்ச அவுத்துக் கெளையில கட்டிட்டுப் போறேன்னு. நீங்க ம்னு சொன்னீங்க."

அப்பாடா. கிளை. அலையாத்திக் கிளை. தலையும் கிளைதான்; இருட்டில் எந்தக் கிளையும் தலை மாதிரித்தான் தெரியும். செம்மல் மூச்சை விட்டான். விறைப்பு எல்லாம் நீரோட்டம். படித்தவன் அல்லவா, காரணம் உடனே கிடைத்துவிட்டது.

"அப்பா" என்றது சேலையின் மறுமுனை.

இனியாவின் குரல். அதே குரல். மூக்கில் லேசாகச் சளி அடைத்த குரல்.

"அப்பா, விட்டுறாதீங்க. தண்ணி இழுக்குது."

கை தானாக இறுகியது. சேலை அவன் உள்ளங்கையில் துடித்தது. கிளை துடிக்காது. அதன் மறுபக்கம் ஒரு பிள்ளையின் எடை இருந்தது; காலூன்றுவதும் வழுக்குவதும் மறுபடி ஊன்றுவதும் துணி வழியாக அவனுக்குத் தெரிந்தது. விட்டால் ஓடை அவளைக் கடலுக்குக் கொண்டுபோய்விடும்.

கரையைப் பார்த்தான். துண்டு போர்த்திய உருவம். முகம் தெரியவில்லை. புதரைப் பார்த்தான். தலை. முகம் தெரியவில்லை.

அவனுக்கு ஒரு யோசனை வந்தது. இனியாவுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டுவிடலாம்.

"இனியா! ஒன் கிளாஸ் டீச்சர் பேரு என்ன?"

"மர்யம் மிஸ்" என்றாள் கரையில் இருந்தவள்.

"இன்னாசியம்மாள் டீச்சர்" என்றாள் தண்ணீரில் இருந்தவள்.

செம்மல் காத்திருந்தான். அதற்குப் பிறகுதான் உறைத்தது, சரியான விடை தனக்குத் தெரியாது என்று.

வேறு கேள்வி தேடினான். அவள் தோழியின் பேர். அவளுக்குப் பிடித்த பலகாரம். பிறந்த கிழமை. பின்னந்தலையில் ஒரு சுழியா, இரண்டா. எதைக் கேட்டாலும் விடையைச் சரிபார்க்கத் தன்னிடம் எதுவும் இல்லை. பன்னிரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருந்த பிள்ளை. ஒன்றுமே இல்லை.

"திலகா! எது சரி?"

"எது எதுங்க? மர்யம் மிஸ்தான். இதுகூடவா தெரியாது? சேலைய விட்டுட்டு வாங்களேன்!"

"அம்மாவும் இங்கதான் இருக்காங்கப்பா" என்றது மறுமுனை, மெதுவாக.

திலகவதி சொன்ன எதையும் அவன் ஒரு நாளும் நம்பியதில்லை. இன்றைக்கு நம்பிவிட ஆசைப்பட்டான். ஆனால் முடிச்சு அவன் போட்டது. தன் கையால் போட்ட முடிச்சை ஒரு சின்னப்பிள்ளை அவிழ்த்துவிட்டாள் என்பதைக் கரையே சேர்ந்து சொன்னாலும் அவனால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இழுத்தான்.

சேலை இளகி வந்தது. எளிதாக. மிக எளிதாக. எதிரே அந்தத் தலை புதரைவிட்டு நகர்ந்தது. நீர் சலசலக்கவில்லை. நண்டுகளின் சத்தம் நின்றிருந்தது.

பின்னால் தண்ணீர் அளைகிற சத்தம். "அப்பா, என்னப்பா ஆச்சு? யாரோட பேசுறீங்க?" அழுகை கலந்த குரல். கரையில் இருந்தவள் இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"வராத! அங்கயே நில்லு!"

நிற்கவில்லை. அவனுடைய இடது கையைப் பற்றினாள். சின்ன விரல்கள். ஈரம். மிளகாய்த்தூளும் உப்பும் பிசுபிசுத்தன.

"வாங்கப்பா. பயமா இருக்கு."

அதே நேரம் வலது கையில் ஏதோ வைக்கப்பட்டது. குனிந்து பார்த்தான். சேலையின் மறுமுனை. முனையோடு முனை சேர்த்து, கரையோடு கரை பொருத்தி, நேர்த்தியாக ஒரு மடிப்பு. அதை அவன் கையில் தந்த விரல்களும் சின்னவை. ஈரமானவை. அவன் மணிக்கட்டைச் சுற்றி வளைத்துக்கொண்டன.

"ஆழமா இருக்குப்பா. தூக்குங்க."

இரண்டு கை. ஒன்று கரைக்கு இழுத்தது. ஒன்று கடலுக்கு. இரண்டும் அழுதன. ஒன்றைத்தான் தூக்க முடியும். ஒரு கை விடுபட வேண்டும்.

யோசித்தான். யோசிக்க எதுவும் இல்லை.

பிடித்ததை எப்படி விடுவது? வாழ்க்கையில் இன்றைக்குத்தான் முதல்முதலாகப் பிடித்திருக்கிறான்.

இடது கையை உதறினான்.

"அப்பா!" பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். தண்ணீர் குடித்த இருமல். கரையில் திலகவதி அலறிக்கொண்டு ஓடிவருகிற சத்தம். "இனியா! இனியா! எந்திரிடி தங்கம்!" பிறகு ஒரு பிள்ளை தாயின் தோளில் முகம் புதைத்துத் தேம்புகிற சத்தம். திரும்பிப் பார்க்காமலே செம்மலுக்குத் தெரிந்துவிட்டது. அந்தத் தேம்பல் அவனுக்குத் தெரியும். அவள் பிறந்த அன்றைக்குக் கேட்டது. ஒரே ஒரு விஷயம் அவனுக்குத் தெரிந்திருந்தது. தாமதமாக.

வலது கையை உதறினான். வரவில்லை.

எதிரே நின்றது ஓரடி பின்வாங்கியது. மடிப்பின் வளைவைப் பிடித்து மெல்ல இழுத்து, சேலையை மறுபடி விறைப்பாக்கியது. வீட்டில் காய்ந்த சேலையை மடிக்கும்போது இரண்டு பெண்கள் நிற்பார்களே, அப்படி. அவனும் ஓரடி வைத்தான். தண்ணீர் மார்புக்கு வந்தது. அது வந்து அடுத்த மடிப்பைக் கையில் தந்தது. மறுபடி பின்வாங்கியது. ஓரடி. கழுத்துக்கு வந்தது.

"திலகா" என்றான். வாய்க்குள் தண்ணீர் ஏறியது.

இப்போது முகம் தெரியவேண்டிய தூரம். தெரியவில்லை. சேலையின் நடுவை மோவாயால் அழுத்திக் குனிந்திருந்தது, கரை இரண்டும் சமமாக வர வேண்டும் என்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டு. நுனியைப் பிடித்த கைகளைப் பக்கவாட்டில் விரித்தது.

ஒரு சேலைக்கு எவ்வளவு விரிக்க வேண்டுமோ அவ்வளவு.

பிறகு இன்னும் கொஞ்சம்.

இந்தக் கரைப் புதரில் ஒரு கை உரசியது. அந்தக் கரைப் புதரில் ஒரு கை உரசியது. அவனை நடுவில் வைத்து, இரண்டு கைகளும் நிதானமாக மடங்கி வரத் தொடங்கின.