திரும்பிப் படுத்த காந்தக் கோடுகள்

காலை 9.05. ஆய்வுக்கூடத்தில் கணினியைத் திறந்த மருமகள் அலறினாள். மூன்று வருடம் அளந்த விண்மேகத்தின் வரைபடத்தில், நேற்று மேகத்துக்குக் குறுக்கே ஓடிய காந்தக் கோடுகள் இன்று நெடுகப் படுத்துக் கிடந்தன. பதினொரு மணிக்குத் தேர்வுக்குழு. படம் தவறினால் அடுத்த வருடத் தொலைநோக்கி நேரம் போயே போச்சு.

9.30. சாப்பாட்டுப் பையுடன் மாமியார் வந்தார். ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். விசாரிக்க வீட்டில் ஆள் போதாமல் தவித்துக்கொண்டிருந்தவர்.

"பக்கத்து அறைக்காரர் வேலைதான் அத்தை! கோடு நெடுகத்தான் ஓடும்னு ஒத்தக் கால்ல நிக்கிறவர்."

"அவசரப்படாதம்மா. நீயே பழையபடி திருப்பிட வேண்டியதுதானே?"

"காரணம் தெரியாம திருப்பினா, குழு கேட்டா என்ன சொல்றது? மேகத்துல இருக்கற தூசி காந்தப்புலத்துக்குக் குறுக்கே நிக்கும். அது விடுற ஒளியும் குறுக்கேதான் அதிரும். அதைத்தான் அளக்கிறோம். தொண்ணூறு டிகிரி திருப்பினாத்தான் காந்தப்புலம். நேத்து சாயங்காலமே திருப்பிட்டேன்."

கணினிக்கு மேலே, இந்தப் படத்துக்கென்றே ஒட்டிய தாள்: 'திருப்ப மறக்காதே! திருப்பியவர் டிக் போடவும்.' கீழே ஒரே ஒரு பச்சை டிக். மருமகளின் மேசையில் நீலப் பேனா. மாமியார் இரண்டையும் பார்த்துக்கொண்டார்.

10.10. பக்கத்து அறைக்காரர்.

"காலைல எங்க இருந்தீங்க?"

"பல் டாக்டர்கிட்ட."

பாதி வாய் மரத்திருந்தது. படத்தைப் பார்த்ததும் மீதிப் பாதி சிரித்தது.

10.25. ஆய்வுக்கூடத் தலைவர்.

"படத்தை யாராவது கெடுத்ததைப் பார்த்தீங்களா சார்?"

"இல்லையே. எட்டு மணிக்கே வந்துட்டேன். வேற யாரும் வரலை." பச்சை மையில் கையெழுத்துப் போட்டபடியே சொன்னார்.

10.40. மாமியார் மூவரையும் கூட்டி, மேசைமேல் ஒரு ஸ்கேலை நெடுக வைத்தார். கால் வட்டம் திருப்பினார், குறுக்காயிற்று. இன்னொரு கால் வட்டம், மறுபடி நெடுக.

"படத்தை யாரும் கெடுக்கலை. ரெண்டு பேர் திருத்தியிருக்காங்க. தாள்ல டிக் இல்லாததைப் பார்த்து, பாவம் மறந்துட்டாளேன்னு இன்னொரு தடவை திருப்பினது நீங்கதான் சார். திருப்பிட்டு ஒழுங்கா பச்சை டிக்கும் போட்டிருக்கீங்க. ஆனா முதல் குற்றவாளி, டிக் போடாத என் மருமக."

"நல்லதுன்னு நினைச்சேம்மா... இப்ப நானே திருப்பிடறேன்!" தலைவர் மவுஸை நோக்கிக் கை நீட்டினார்.

"கையை மேசைமேல வைங்க சார்."

மருமகளே திருப்பினாள், டிக்கும் போட்டாள். கோடுகள் குறுக்கே வந்தன. வெட்கம் பிடுங்கித் தின்ன, பக்கத்து அறைக்காரர் முன் போய் நின்றாள்.

"மன்னிச்சிடுங்க. உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்."

"பரவால்லம்மா. வாழ்க்கைல முதல் தடவையா அரை மணி நேரம் நான் சொன்னது சரியா இருந்துச்சு. நான்தான் உனக்கு நன்றி சொல்லணும்."