பலகைக்கு அந்தப் பக்கம்

அவள் தேய்ப்பதை நிறுத்திய பிறகும் ஒரு தேய்ப்பு கேட்டது. சர்ர்.

சின்னவள் உப்புத்தாளைக் கப்பலின் மேல் வைத்தபடியே காதைத் தீட்டினாள். எண் போட்டுப் பெட்டியில் வந்த துண்டுகளை ஒட்டிச் செய்த மரக்கப்பல் அது. இனி வழவழவென்று தேய்த்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும். மின்சார அலுவலகத்தில் புகார் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊரார் வாய்க்கு வந்தபடி திட்டுவதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டு, "சரிங்க, சரிங்க" என்று விழுங்கிவிட்டு வருகிறவள், மூச்சுவிடுவது இந்தக் கப்பலோடுதான்.

மேசையை ஒட்டிப் பலகைத் தடுப்பு. அவள் புருஷனும் அவன் அண்ணனும் பாகம் பிரித்தபோது ஒரே கூடத்தை இரண்டாக்க அடித்தது. அந்தப் பக்கம் ஓரகத்தி, பெரியவள். இருவரும் கீரியும் பாம்பும்.

மறுபடி தேய்த்தாள். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தடுப்புக்கு அப்பாலிருந்தும் அதேபோல இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

பழிப்பா காட்டுகிறாள்? கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. விறுவிறுவென்று வாசலுக்குப் போனாள்.

"அக்கா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா? நான் தேய்ச்சா பதிலுக்கு நீங்களும் தேய்க்கணுமா?"

வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்த பெரியவள் நிமிர்ந்தாள். "எனக்கென்னடி தலையெழுத்து? நீ சொரண்டுற சத்தத்துல எங்களுக்குத் தூக்கமே போச்சு. நீ வேலைக்குப் போன நேரத்துலகூட யாரை விட்டுடி சொரண்டச் சொல்ற?"

"புளுகாதீங்க!"

கதவை அறைந்து சாத்தினாள். அவள் இல்லாத நேரத்தில் வீட்டில் ஆளே கிடையாது. புருஷனும் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவான்.

மறுநாள் சாயங்காலம் பெரியவள் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்கு யாரையோ பார்க்கக் கிளம்பினாள். பூட்டை அவள் இழுத்துப் பார்த்ததையும், வண்டி தெருமுனையில் திரும்பியதையும் சின்னவள் ஜன்னலில் நின்று கண்ணாரக் கண்டாள். அப்பாடா. சிவப்புப் பெயிண்டைத் திறந்து பிரஷை முக்கினாள்.

சர்ர்.

இன்று அவள் தேய்க்கவே இல்லை.

பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. போகிறவள் யாரையோ உள்ளே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்! இடது கையால் பலகையில் ஓங்கிக் குத்தினாள். சத்தம் நின்றது. பிறகு, குத்திய அதே இடத்தில் தொடங்கியது. கையை நகர்த்தினாள், சத்தமும் நகர்ந்தது. உயர்த்தினாள், கூடவே ஏறியது. பச்சை மரத்தூளின் வாசனை மூக்கில் நெடியாக ஏற, உள்ளங்கைக்குக் கீழே பலகை காய்ச்சல்காரன் நெற்றியைப் போலக் கொதித்தது. அந்தப் பக்கத்து மேற்கு ஜன்னலின் வெயில், வெளிச்சத்தில் பிடித்த காதுமடலைப் போல, பலகையினூடே சிவப்பாகத் தெரியத் தொடங்கியது.

மரம் மெலிந்துகொண்டிருந்தது.

சிவப்பின் நடுவே ஒரு நிழல்.

"யாரது? கேக்குறேன்ல! வாயில்ல உனக்கு?"

தேய்க்கிற சத்தம் நின்றது.

பலகை இப்போது தாள். உள்ளே, வெளியே என்று அசைந்தது. மூச்சுப் போல. கிழிந்தது.

ஒரு கை. அதில் உப்புத்தாள் இல்லை. வெறும் உள்ளங்கை. ரேகையில்லை. நகமில்லை. இத்தனை நாளும் தன்னைக் கொண்டே தேய்த்திருக்கிறது.

பின்னால் முகம். மூக்கிருந்த இடத்தில் சின்ன மேடு. கண்களிருக்க வேண்டிய இடம் வழவழப்பு. மூக்குக்குக் கீழேயும் வழவழப்பு.

ஓடு என்றது மனசு. பிரஷைப் பிடித்த விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

கிழிசல் வழியே கழுத்து நீண்டது. முகம் அவள் கைக்குக் குனிந்தது. மூக்கு மேட்டுக்குக் கீழ்மட்டத்தில், கன்னத்தைப் பிரஷின் நுனியில் வைத்து அழுத்தியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக, முகத்தைத் திருப்பியது.

இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை, ஈரச் சிவப்பில் ஒரு கோடு.

கோடு திறந்தது.