பதினைந்தாவது குரல்

பதினெட்டு வருடம் பட்டாளத்தில் கிடந்தவன் நான். பயம் என்றால் என்ன நிறம் என்று கேட்பேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து ஒன்று ஐப்பசியில், ஓரிக்கை போகிற சாலையில் இருந்த ராணுவக் குடும்பக் குடியிருப்புக்குப் பொறுப்பாளனாக வந்து இறங்கும்வரை அந்தப் பீற்றல் செல்லுபடியானது.

ஒரே வரிசையாக எட்டு வீடுகள். புருஷன்மார் எல்லையில். இங்கே பெண்களும் பிள்ளைகளுமாகப் பதினாறு பேர். குழாயில் தண்ணீர் நின்றாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். நெருப்புப் பாதுகாப்பும் என் தலையில்தான். வீட்டுக்கு வீடு மண்ணெண்ணெய் அடுப்பு, பக்கத்திலேயே கூலிக்கு இழைக்க வாங்கி வந்த பட்டு நூல். கேட்க வேண்டுமா!

கடைசியான எட்டாம் வீட்டுக்குள் முதல்முறை நுழைந்தபோது மயிர் கருகிய வாடை அடித்தது. அசல் பட்டுதானா என்று பார்க்க இழையைக் கொளுத்தியிருப்பார்கள், பட்டு கருகினால் அப்படித்தான் நாறும் என்றார் காவலாளி சின்னப்பையன். நானும் நம்பினேன். அந்த வீட்டில் லில்லியும் அவளுடைய ஐந்து வயது மகள் கிரேஸும் இருந்தார்கள். லில்லி பட்டு நூலைத் தொடுவதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமைதோறும் பயிற்சி வைத்தேன். விசில் ஊதினால் எல்லோரும் வேப்பமரத்தடிக்கு ஓடிவந்து, வீட்டு வரிசைப்படி நின்று, ஆளுக்கொரு எண்ணாகச் சொல்ல வேண்டும். எண் குறைந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஏழாம் வீட்டு தேவகி, சார் எங்களையும் பட்டாளத்தில் சேர்த்துவிடுவார் போலிருக்கிறது என்று கிண்டலடிப்பாள். வரிசைக் கடைசியில் கிரேஸ் குதித்துக்கொண்டே பதினாறு என்று கத்துவாள். அதைக் கேட்கவே எனக்குச் சனிக்கிழமை பிடித்திருந்தது.

கார்த்திகை மாதம், தூறலான ஒரு சாயங்காலம். கரண்ட் போய்விட்டது. காஷ்மீரிலிருந்து புருஷன் விக்ரம் பேசுவார் என்று லில்லி டெலிபோன் பூத்துக்குக் கிளம்பினாள். போகும்போது வாசலில் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். ஆக, மீதி பதினைந்து பேர்.

அரை மணி நேரத்தில் எட்டாம் வீட்டு ஜன்னலில் புகை.

விசில் ஊதினேன். இருட்டில் முகம் தெரியவில்லை. ஓடிவரும் காலடிச் சத்தமும் இருமலும்தான் கேட்டன. எண்ணச் சொன்னேன். ஒன்று, இரண்டு என்று குரல்கள் வரிசையாக வந்தன. பதினாலு என்றாள் தேவகி.

கொஞ்சம் இடைவெளி.

"பதினஞ்சு."

தூக்கக் கலக்கத்தில் குழந்தை பேசுகிற மாதிரி ஒரு மெல்லிய குரல்.

கணக்கு சரி. உள்ளே ஆள் இல்லை. பொருள் போனால் போகட்டும், யாரும் கிட்டே போகக்கூடாது என்று அதட்டினேன். சின்னப்பையனைத் தீயணைப்பு நிலையத்துக்கு போன் பண்ண அனுப்பிவிட்டு, பக்கத்து வீட்டுக் கூரையில் தண்ணீர் ஊற்ற வைத்தேன். எட்டாம் வீடு எரிவதைப் பார்த்துக்கொண்டு, தைரியசாலி மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன்.

லில்லி செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"பாப்பா தூங்கிக்கினு இருந்தா சார். இருட்டுனா பயப்படுவான்னு மெழுகுவத்தி ஏத்தி வெச்சிட்டு, வெளிய தாழ்ப்பாள் போட்டுட்டுப் போனேன்."

அங்கே எல்லாத் தாய்மார்களும் செய்வதுதான். ஆனால் பதினைந்து என்ற குரலை நான் காதால் கேட்டேனே.

அப்படியானால் வரிசையில் நின்றது யார்?

யோசிக்க நேரமில்லை. ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். தாழ்ப்பாள் உள்ளங்கையைப் பொசுக்கியது. கட்டிலுக்கடியில் கிடந்தவளை இழுத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்தேன். குழந்தைக்கு மூச்சு இருந்தது. அவ்வளவுதான் இருந்தது. மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரியில் கண் திறந்து அம்மா என்றாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். சரியாக எண்ணிவிட்டேன் என்ற திமிரில் ஒரு பிள்ளையைக் கொன்றிருப்பேனே!

அங்கேதான் தேவகி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சுற்றிலும் யாரும் இல்லையே என்று பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"பாப்பா கைன்னுதான் சார் இருட்டுல பிடிச்சுக்கினு நின்னேன். கை கொதிச்சுது. ஜுரம்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அதுல கண்ணாடி வளையல் இருந்துச்சு சார். முழங்கை வரைக்கும்."

அன்று ராத்திரி சின்னப்பையனை உலுக்கினேன். மனுஷன் தரையைப் பார்த்தபடியே சொன்னார். ஐந்து வருடத்துக்கு முன்பு தாமல் கிராமத்திலிருந்து எல்லம்மாள் என்று ஒரு புதுப்பெண் எட்டாம் வீட்டுக்கு வந்தாளாம். புருஷனின் படைப்பிரிவிலிருந்து கடிதம் வராமல் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற முடியாது என்று முன்னாள் பொறுப்பாளர் சொல்லிவிட்டாராம். வந்த இரண்டாம் நாளே அடுப்பு வெடித்திருக்கிறது. வெளியே வந்தவர்களைப் பதிவேட்டை வைத்து எண்ணினார்கள். கணக்கு சரியாக இருந்தது. அதனால் யாரும் உள்ளே போகவில்லை.

பழி வாங்க வந்தாளா, வரிசையில் தனக்கும் ஒரு இடம் கேட்டு வந்தாளா, எனக்குத் தெரியவில்லை. அவள் மேல் கோபம் வந்தது. அதைவிடப் பரிதாபம் வந்தது.

இனி எண் வேண்டாம், பெயர்தான் என்று முடிவு செய்தேன். கிரேஸ் வீடு திரும்பிய பிறகு வந்த சனிக்கிழமை. காலை பத்து மணி, பளீரென்று வெயில். ஒவ்வொரு பெயராகப் படித்து, முகத்தைப் பார்த்து, இருக்கேன் என்ற பதிலைக் கேட்டு டிக் அடித்தேன். கடைசிப் பெயர் கிரேஸ். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினாள். பதினாறு பேரும் இருந்தார்கள்.

கலைந்து போகச் சொன்னேன். அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். லில்லி மகளைத் தூக்கிக்கொண்டாள். மரத்தடி காலியானது. பதிவேட்டை மூடினேன்.

காதுக்குப் பக்கத்தில் அனலாக ஒரு மூச்சு பட்டது.

"என் பேரு படிக்கலியே சார்."