கடைசி வரிசையின் ஐந்து தோட்டாக்கள்

சனிக்கிழமை காலை 9.40.

ராய்ஸ் ஹாகனின் துப்பாக்கி வெடித்த சத்தத்தில் மொன்டானா மாநிலத்துப் பசுக்களில் பாதிக்குப் பால் வற்றியது. மீதிப் பாதிக்குக் காது போனது. ஊரில் இன்றைக்கும் இதைச் சத்தியம் செய்து சொல்ல ஆள் உண்டு. பசுக்கள் கிடக்கட்டும். முன்னால் குண்டைத் தள்ளவேண்டிய வெடிமருந்து பின்னால் திரும்பி, உருக்குப் பூட்டைப் பிளந்து, ராய்ஸின் வலது கண்ணைக் கொண்டுபோய்விட்டது. இதில் மிகை ஒரு துளியும் இல்லை.

போட்டியின் கடைசி இலக்கு அது. இன்னும் ஐந்தே குண்டு. அவை ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தால், துப்பாக்கிச் சங்கத்துச் சுவரில் 2003-லிருந்து தொங்கும் சாதனைத் தாளைக் கழற்றி ராய்ஸின் தாளை மாட்டியிருப்பார்கள்.

அளக்கக் காத்திருந்தவள் வெர்னா ஸ்டபிள்ஃபீல்ட். வயது அறுபத்தொன்பது. முப்பத்தொரு வருடங்களாக அந்த மைதானத்தில் குண்டுத் துளைகளை அளப்பவள். கொசுவின் இமைமுடியைக் கொடுத்தாலும் எந்தப் பக்கத்து இமை என்று சொல்லிவிடுவாள்.

அந்தத் தோட்டாக்களில் மருந்து நிரப்பியவர் அவளுடைய அண்ணன் டெல்பர்ட், எழுபத்துநான்கு வயது. ‘அடுத்தவன் நிரப்பிய தோட்டாவைச் சுடாதே’ என்பது, தாங்களே மருந்தை அளந்து தோட்டா நிரப்பிக்கொள்ளும் அந்தப் போட்டிக்காரர்களிடையே பதினோராவது கட்டளை. முடக்குவாதத்தில் ராய்ஸின் விரல்கள் மடங்கிப்போனதிலிருந்து, எட்டு வருடங்களாக அவருக்கும் டெல்பர்ட்தான் நிரப்புகிறார். யாராவது கேட்டால் ராய்ஸ் சிரிப்பார். “டெல் அடுத்தவனா? அவன் என் கைடா. கொஞ்சம் நாத்தம் புடிச்ச கை, அவ்வளவுதான்.”

ஆஸ்பத்திரி வராந்தாவில் டெல்பர்ட்டுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. வீட்டிலிருந்து மாத்திரையை எடுத்துவர வெர்னா தன்னிடமிருந்த மாற்றுச்சாவியைச் சங்கத் தலைவர் கேலன் ப்ரவுட்டியிடம் கொடுத்தாள். மணி அப்போது பன்னிரண்டு. ஒன்றரைக்கு மாத்திரை வந்தது.

மாலை ஐந்து மணிக்கு ஷெரிஃபின் உதவியாளன் நோலன், டெல்பர்ட்டிடம் சாவி வாங்கி அவர் வீட்டுக் கார்க்கொட்டகையைத் திறந்து பார்த்தான். வழக்கு அங்கேயே முடிந்துபோனது. மைதானத்தில் கைப்பற்றிய தோட்டாப் பெட்டியின் கடைசி வரிசை ஐந்தில் ஒன்று வெடித்திருந்தது. மீதி நான்கைப் பிரித்தால், நிதானமாக எரியும் ரைஃபிள் மருந்துக்குப் பதில் படாரென்று எரியும் கைத்துப்பாக்கி மருந்து. டெல்பர்ட்டின் மருந்தளக்கும் கருவியில், மேலே நிற்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாயிலும் முக்கால்வாசி அதே மருந்து. கிழவர் மருந்தை மாற்றிக் கொட்டிவிட்டார். வேறென்ன?

திங்கட்கிழமை காலை 11.15.

டெல்பர்ட்டின் முன்னால் இருந்த காப்பி ஆறி ஏடு கட்டியிருந்தது.

“மூணு மணிக்கு நோலன்கிட்ட என் தப்புதான்னு எழுதிக் குடுத்துடறேன்” என்றார். “அப்புறம் பில்லிங்ஸ்ல அந்த இடம் இருக்கே, மறதிக்காரங்கள வச்சுப் பாத்துக்கற இடம். அங்க கொண்டுபோய் விட்டுடு.”

“உளறாத.”

“போன குளிர்காலத்துல வண்டிய ஓடவிட்டுட்டே கடைக்குள்ள போகலையா?”

“அப்படிப் பாத்தா இந்த ஊர்ல பாதிப் பேர பில்லிங்ஸுக்கு அனுப்பணும். மேயர்லேருந்து ஆரம்பிக்கலாம்.”

அவர் சிரிக்கவில்லை. தன் இரு கைகளையும் மேசைமேல் விரித்து, வேறு யாருடைய கைகளோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். “அவன் கண்ண நான் எடுத்துட்டேன், வெர்னா. எப்படின்னுகூட ஞாபகம் இல்ல.”

வெர்னா ஆறிய காப்பியைத் தள்ளி வைத்தாள். அந்தக் காகிதத்தில் கையெழுத்து விழுந்தால் அண்ணன் அதை எழுத்துக்கு எழுத்து நம்பிவிடுவார். அதற்குப் பிறகு எந்த மருத்துவரும் வேண்டாம். மூன்றே மாதத்தில் நிஜமாகவே எல்லாவற்றையும் மறந்துவிடுவார்.

“அந்தப் பெட்டிய எப்ப நிரப்பின?”

“போன திங்கள்.”

“அப்புறம் பெஞ்சத் தொட்டியா?”

“எங்க தொட? செவ்வாய்க் காலைல வீட்டப் பூட்டிட்டு, தோட்டாப் பெட்டியோட மைதானத்துக்கு ட்ரெய்லர ஓட்டிட்டுப் போயாச்சு. சனிக்கிழமை ராத்திரிதான் திரும்பினேன்.”

அவள் கொட்டகைக்குப் போனாள். அந்த வேலைமேசையில் அறுவை சிகிச்சையே செய்யலாம், அத்தனை சுத்தம். தராசு, அதன் பக்கத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிவந்த ரத்த அழுத்த மாத்திரைப் புட்டி. தராசைத் தொடாமல் டெல்பர்ட்டுக்குப் பொழுது போகாது. அதனால் புட்டிக்கு இருபது வருடமாக அதுதான் இடம். மேசையோரத்தில் மருந்தளக்கும் கருவி. சனிக்கிழமை நோலன் மருந்தைக் கொட்டி எடுத்துப்போன பிறகு அதன் குழாய் காலி. மேல்தட்டில் தூக்கிப்போட்ட பழைய கருவி ஒன்று. அதன் குழாய் புகையிலை மெல்லுகிறவன் பல்லைப்போல் பழுத்து மங்கியிருந்தது.

வெர்னா புதுக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தாள். அந்தப் பக்கத்து மலை அப்படியே தெரிந்தது.

12.05. தொலைபேசி.

“நோலன், அந்தக் குழாயக் கழுவினியா?”

“ஐயோ, இல்ல மிஸ் வெர்னா. மருந்தப் பையில கொட்டி சீல் வச்சேன். அவ்வளவுதான்.”

“தொடைச்சியா?”

“எங்க வீட்டுத் தட்டையே நான் தொடைக்கறதில்ல.”

மதியம் 2.45. ஷெரிஃப் அலுவலகம்.

காகிதம் தயாராக இருந்தது. டெல்பர்ட்டின் தோளில் கை போட்டபடி கேலன் ப்ரவுட்டி உட்கார்ந்திருந்தான்.

“போட்டுடு டெல். யாரும் உன்னத் தப்பா நெனைக்கல. வயசாச்சு, அவ்வளவுதானே.”

டெல்பர்ட் பேனாவை எடுத்தார். வெர்னா இரண்டு குழாய்களையும் அந்தக் காகிதத்தின் மேலேயே வைத்தாள்.

“நோலன், இதுக்குள்ள அந்த மருந்து எப்பலேருந்து இருந்துச்சு?”

“தோட்டா நிரப்பின திங்கள்லேருந்து. நான் எடுத்தது சனிக்கிழமை.”

“அஞ்சு ராத்திரி.”

“ஆமா.”

“டெல், இந்தப் பழைய குழாய் ஏன் இப்படி ஆச்சு?”

டெல்பர்ட் தலையைத் தூக்கவில்லை. “கைத்துப்பாக்கி மருந்த ரெண்டு ராத்திரி அதுலயே விட்டுட்டேன். அந்த மருந்து பிளாஸ்டிக்கத் தின்னுடும். தொண்ணூத்தெட்டுல. அதுக்கப்புறம் எந்த மருந்தையும் குழாய்ல விட்டதே...” அங்கேயே நின்றுபோனார்.

“ரெண்டு ராத்திரிக்கு இந்தக் கதி” என்றாள் வெர்னா. “அஞ்சு ராத்திரி இருந்த குழாய் மட்டும் ஞானஸ்நானம் பண்ணின குழந்தை மாதிரி இருக்கு. ஏன்னா அந்த மருந்து அதுல அஞ்சு ராத்திரி இல்ல. அஞ்சு மணி நேரத்துக்குள்ளதான் இருந்திருக்கு. துப்பாக்கி வெடிச்சதுக்கு அப்புறம் யாரோ கொண்டுவந்து கொட்டியிருக்காங்க.”

நோலன் நிமிர்ந்து உட்கார்ந்தான். “வீட்டுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு?”

“ஒண்ணு ஆஸ்பத்திரில டெல் பாக்கெட்டுல. இன்னொண்ண என் கையாலயே கேலன்கிட்ட குடுத்தேன்.”

“நான் மாத்திரைக்குப் போனவன்!” கேலனின் கை தோளிலிருந்து இறங்கியது. “கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல.”

“மாத்திரை எங்க இருந்துச்சு?” நோலன் கேட்டான்.

“சமையலறைல. தொட்டிக்கு மேல, அலமாரில.”

டெல்பர்ட் மெல்லத் திரும்பினார். “என் மாத்திரை சமையலறைல இருந்ததே இல்ல, கேலன். கொட்டகைல, தராசுக்குப் பக்கத்துலதான் இருக்கும்.”

 கேலனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

“2003-ல சுட்டது யாரு, நோலன்?” என்றாள் வெர்னா. “இவன். அந்தத் தாள நானே அளந்தேன். இருபது வருஷத்துக்கு மேல அதுக்குக் கீழயே நின்னு காப்பி குடிக்கறான் இவன். இவன் துப்பாக்கிக்கும் ராய்ஸ் துப்பாக்கிக்கும் தோட்டா அறையக் கடைஞ்சது ஒரே கருவி. இவன் தோட்டா அதுல அப்படியே உக்காரும். ட்ரெய்லர் பூட்டுறது டெல்லுக்குப் பழக்கமும் இல்ல.”

“கொல்றதுக்கு இல்ல!” கேலன் கத்தினான். “ஆண்டவன் சத்தியமா! அந்த ஒரு வரிசைய மாத்தி வச்சேன். வேற ரைஃபிள் மருந்துன்னுதான் நெனைச்சேன். குண்டு ஒரு நூல் கீழ விழும், சாதனை போயிடும், அவ்வளவுதான். ஜாடில லேபிள் இல்ல... அவசரம்...”

“ஆக, எங்க அண்ணன் பண்ணினதா ஊரே சொன்ன தப்ப, நீ பண்ணியிருக்க” என்றாள் வெர்னா. “அப்புறம் மிச்சத்த அவர் குழாய்ல கொட்டிட்டு, அவர் தோள்லயே கையும் போட்டுக்கிட்டு உக்காந்த.”

நோலன் விலங்கை எடுத்தான். பிறகு நினைவு வந்தவனாய்க் குறிப்பேட்டைத் திறந்தான். “ஒரு தோட்டாவுக்கு எவ்வளவு போட்ட?”

“ராய்ஸுக்கு டெல் போடற அதே எடை. இருபத்தொம்பது கிரெய்ன்.”

“இல்ல” என்றார் டெல்பர்ட்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள்.

“இருபத்தொம்பது என் துப்பாக்கிக்கு. ராய்ஸுது கொஞ்சம் பசி கூட. இருபத்தொம்பது புள்ளி நாலு. போன வருஷம் புள்ளி மூணு. குழல் தேஞ்சுது, மே மாசம் பதினாலாந்தேதி ஏத்தினேன். அன்னிக்கு மழை. அவன் எனக்கு செர்ரி கேக் வாங்கிட்டு வந்தான், பாதிய அவனே தின்னுட்டான்...”

 அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேசைக்குக் குறுக்கே தங்கையின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். எலும்பு நொறுங்கும்போல் வலித்தது. வெர்னா கையை இழுக்கவில்லை.

“எனக்கு ஞாபகம் இருக்கு, வெர்னா” என்றார். “எல்லாம் ஞாபகம் இருக்கு.”