பொய்க்கதவு

ஜூன் மாதம் பதினான்காம் நாள், முற்பகல் பதினொரு மணிக்கு, ஒருவருக்குச் சொந்தமான பொருளை, அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அவரை ஒரு வார்த்தை கேளாமல், பழைய சாமான் வாங்குபவனின் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வண்டிக்காரன் கொடுத்த சீட்டில் 'பொம்மை வீடு, பழையது, ஒன்று' என்று எழுதியிருக்கிறது. அது பொம்மை அன்று. பழையதும் அன்று, அதன் கடைசிச் சுவர் மே மாதத்தில் ஒட்டப்பட்டது. வெறும் சாமானாக எண்ணிக் கணக்கை முடித்துவிடவும் இயலாது.

ஏனெனில், அதனுள் ஒருத்தி இருந்தாள்.

உரியவர் கட்டடத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அவருக்கு 'அரைநூல்' என்று பெயர். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். அதில் பாதி பிசகினாலும் வரைபடத்தைத் திருப்பியனுப்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். ஓய்வுக்குப் பிறகு மரத்தில் சிற்றுருக்கள் செய்யத் தொடங்கினார். ஒரு பாலம், ஒரு மணிக்கூண்டு, ஒரு படகு. எல்லாம் இருபத்து நான்கில் ஒரு பங்கு அளவு. படிகளின் எண்ணிக்கைகூடக் குறையாது.

சனவரியில் அவரும் மனைவியும் வாடகைக்கு வந்த வீடு பழையது, ஒரே தளம். வீட்டுக்குப் பின்னால் சிறு முற்றம். முற்றத்தின் கோடியில், வீட்டை ஒட்டியும் ஒட்டாமலும், சன்னல் இல்லாத ஒரு பின்னறை. அதன் ஒரே கதவு முற்றத்தைப் பார்த்திருந்தது. வீட்டுக்காரர் அந்தக் கதவைத் திறந்தபோது உள்ளிருந்து மரத்தூள் வாடை வந்தது. மேசைமேல் அழுக்குத் துணி ஒன்று எதையோ மூடியிருந்தது. துணியை எடுத்தால், அதே வீடு. கைக்கடக்கமாய், கூரையும் தூணும் சன்னல் கம்பியுமாய், இரண்டடி நீளத்தில் உட்கார்ந்திருந்தது. பின்னறை ஒன்றுதான் முடியவில்லை.

"முன்னால இருந்தவரு செஞ்சது சார். பாதியில விட்டுட்டுப் போயிட்டாரு. சாமானெல்லாம் அப்படியே கெடக்கு. செருப்புகூட வாசல்லயே கெடந்துச்சு" என்றார் வீட்டுக்காரர்.

"செருப்ப விட்டுட்டு எப்படிங்க போயிருப்பாரு? பறந்தா?" என்றாள் மனைவி.

வீட்டுக்காரர் சிரிக்கவில்லை.

அரைநூலாரின் காதில் இவை எவையும் விழவில்லை. அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கும் ஒரு மயிரிழை பிசகில்லை. அடிப்பலகையில் பென்சிலால், அழுத்தி அழுத்தி, ஒரு வரி எழுதியிருந்தது:

எல்லாக் கதவும் திறக்க வேண்டும்.

தொழில் தெரிந்தவனின் வீம்பு என்று எண்ணி மகிழ்ந்தார். கூடத்துச் சன்னலோரம் மேசை போட்டு, அதை முடிக்கும் வேலையில் இறங்கினார்.

முதல் மாதம் நடந்தவற்றுக்கு அவர் காரணம் தேடவில்லை. சிற்றுருவின் கூடத்துச் சன்னல் இறுகியிருந்தது. உப்புத்தாளால் இரண்டு தேய்ப்புத் தேய்த்துத் தளர்த்தினார். அன்று மாலையே மனைவி, "இந்தச் சன்னல எப்பங்க சரி பண்ணினீங்க? தொட்டா தெறக்குது" என்றாள். சிறு கூரையில் ஒரு விரிசலை மெழுகினார். பெரிய கூரையில் ஒழுக்கு நின்றது. பழைய வீடு, வெயிலுக்கு மரம் சுருங்கும், என்று சொல்லிக்கொண்டார்.

பிறகு, மதிய வேளைகளில், பின்னறையிலிருந்து உப்புத்தாள் தேய்க்கும் ஓசை வந்தது.

சரக். சரக். நிறுத்தம். ஊதித் தூளைத் தள்ளும் மூச்சு. மறுபடியும் சரக்.

போய்ப் பார்த்தால் காலி அறை. பழைய கட்டில், இரண்டு பெட்டி. தரையில் மட்டும் வெண்மையான தூள், அப்போதுதான் உதிர்ந்ததுபோல்.

சிற்றுருவின் பின்னறைக்கு மூன்று சுவர் எழுப்பிக் கூரையும் ஏற்றியாகிவிட்டது. கதவு வைத்த நான்காம் சுவர்தான் பாக்கி. மே மாதம் இருபதாம் நாள் அதைப் பொருத்த வேண்டும். மறுநாள் ஓய்வுபெற்றோர் சங்கத்தின் கண்காட்சி. இங்கேதான் அவர் அந்தத் தவற்றைச் செய்தார். சிற்றுருக் கலைஞர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத பின்பக்கத்தில் உண்மையான கதவு மாட்டமாட்டார்கள். சுவர்ப் பலகையிலேயே நிலை, சட்டம், தாழ்ப்பாள் எல்லாம் கீறி, வண்ணம் பூசிவிடுவார்கள். பொய்க்கதவு. பார்வைக்குக் கதவு, தொட்டால் பலகை.

அரைநூலார் தம் வாழ்நாளில் பொய்க்கதவு செய்தவரல்லர். ஆனால் ஆறு மாதமாக அவருடைய விரல்கள் நடுங்கின. குண்டூசித் தலையளவு கீலைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அதை மனைவியிடமும் சொல்லவில்லை.

மனைவி அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, திறந்திருந்த பக்கத்தின் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தாள். "நாற்காலி நல்லாருக்கே. ஆனா செவுத்தப் பாத்தா போடுவாங்க?"

அவர் குனிந்தார். பின்னறைக்குள், பின்சுவரைப் பார்த்தபடி, ஒரு நாற்காலி.

அவர் நாற்காலி எதுவும் செய்யவில்லை.

"இந்தக் கதவு தெறக்குமா?" என்று அவர் கையிலிருந்த பலகையைக் காட்டினாள்.

நாற்காலியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தவர், கதவைப் பற்றிக் கேட்டதும் அதை விழுங்கிவிட்டார். "தெறக்கும்" என்றார்.

"அரைநூல் சொன்னா சரிதான்" என்று சிரித்துவிட்டு, பின்னறைப் பெட்டியிலிருந்து போர்வை எடுக்க முற்றத்துப் பக்கம் போனாள். பட்டப்பகல், இரண்டு மணி. அவர் சூடான வச்சிரப் பசையைத் தடவி, பலகையைப் பொருத்தி, கட்டைவிரல்களால் அழுத்தி, அறுபது வரை எண்ணினார்.

நாற்பதில், முற்றத்தில் ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

அறுபதில், "ஏங்க" என்றாள். "கதவு இழுத்தா வரமாட்டேங்குது."

ஓடினார். பின்னறைக் கதவு இருந்த இடத்தில் கதவு இருந்தது. நிலை இருந்தது, சட்டம் இருந்தது. தாழ்ப்பாளைப் பிடித்தார், விரல் வழுக்கியது. அது தாழ்ப்பாளன்று, தாழ்ப்பாளின் வடிவில் ஒரு புடைப்பு. கதவுக்கும் நிலைக்கும் நடுவே நகம் நுழைய இடுக்கில்லை. அவர் பூசிய அதே பழுப்பு வண்ணம், அவருடைய தூரிகை நடுங்கிய அதே நெளிவு, ஆளுயரத்தில்.

வாசலில் அவளுடைய செருப்பு.

"ஏங்க, இங்க நாற்காலி ஒண்ணு இருக்கு" என்றாள் உள்ளிருந்து. குரல் தாழ்ந்திருந்தது. "யாரோ உக்காந்திருக்காங்க. முதுகு தெரியுது."

ரம்பத்தை எடுத்துவந்து அறுத்தார். முழங்கை ஆழம் போயும் மரம் முடியவில்லை. கூடத்துக்கு ஓடிச் சிற்றுருவில் கத்தியை வைத்தார். முனை இறங்கியதும், "வேணாங்க, கூரை விழுது, தலையில விழுது" என்ற அலறல் முற்றத்தைத் தாண்டி வந்தது. கத்தி கையிலிருந்து நழுவியது. வேறு வழியின்றிக் கூரான ஊசியை எடுத்து, பலகையைத் திருகித் திருகி, அரை நூல் அகலத்தில் ஒரு துளை போட்டார்.

ஓடிப்போய்ப் பார்த்தால், முற்றத்தைப் பார்த்த பின்னறைச் சுவரில் ஒன்றரை அங்குலத் துளை விழுந்திருந்தது. அளவு சரியாக இருந்தது.

துளையின் வழியே ஒரு விரல் வெளியே வந்தது.

அவர் அதை இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். நாற்பத்தோராண்டு மணவாழ்க்கையில் அப்படி எதையும் அவர் பற்றியதில்லை. "நான் பொய் சொல்லிட்டேன். அது தெறக்காது. கை நடுங்குதுன்னு ஒங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. எப்படியாவது எடுத்துடறேன்" என்றார்.

விரல் அவர் கையை இறுக்கியது. குளிர்ந்திருந்தது. நுனி சொரசொரப்பாக இருந்தது; பல ஆண்டு உப்புத்தாள் பிடித்த விரல்போல்.

அறையின் மறுமூலையிலிருந்து அவள் கேட்டாள்:

"நான் கட்டில்கிட்ட இருக்கேங்க. நீங்க யார்கிட்ட பேசிட்டிருக்கீங்க?"

இரண்டு தெரு தள்ளியிருந்த மைத்துனரையும் பூட்டுத் திறப்பவரையும் இழுத்துக்கொண்டு திரும்பியபோது, பின்னறைக் கதவு சாதாரணமாகத் திறந்து கிடந்தது. சுவரில் துளை இல்லை. கட்டில், பெட்டி, மடித்த போர்வை. ஆள் இல்லை.

"அக்கா எங்க அத்தான்?" என்றார் மைத்துனர்.

பதில் கூடத்திலிருந்து வந்தது. மேசைமேலிருந்து, கொசுவின் ரீங்காரம் அளவுக்கு: ஏங்க. ஏங்க.

மைத்துனர் ஊசித்துளையில் காதை வைத்தார். நெடுநேரம் வைத்திருந்தார். "ஏதோ சொரண்டுது அத்தான். பூச்சியா இருக்கும்" என்றார். அதன்பின் அவர் அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை; தோண்டப்பட்ட இடம் ஏதேனும் உண்டா என்று முற்றத்துத் தரையைப் பார்த்தார்.

ஒரே நம்பிக்கை வச்சிரப் பசைதான். வெட்டினால் வீடு இடியும்; ஆனால் வச்சிரம் வெதுவெதுப்பான ஈரத்துக்கு இளகும். துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூட்டின்மேல் வைத்து எடுத்து, வைத்து எடுத்து, நாளொன்றுக்குக் கால் நூலாக அவர் இளக்கினார். அவசரப்பட்டால் பலகை கோணும். கோணினால் கூரை இறங்கும். ஊசி முனையில் ஒரு சொட்டு நீர் கொடுத்தார். சர்க்கரையில் ஒரே ஒரு பரல் போட்டார்.

"கல்கண்டு மாதிரி விழுது" என்றாள். "இப்படியே போனா எனக்குச் சமையல் வேலை மிச்சம்." அவர் அழுதது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். "நிதானமாப் பண்ணுங்க. கை நடுங்கினா நடுங்கட்டும்."

நாற்காலியைப் பற்றி அவரே கேட்பார். முதலில் முதுகு மட்டும் என்றாள். ஒரு வாரத்தில், "கொஞ்சம் திரும்பியிருக்கு. நான் தூங்கறப்பதான் திரும்புது போல" என்றாள். பிறகு அவள் தூங்குவதை விட்டுவிட்டாள். ஜூன் பத்தாம் நாள், மூச்சை விடவும் மெல்லிதாக:

"இன்னிக்குக் காது தெரியுதுங்க."

மூட்டில் ஒட்டியிருந்தது இன்னும் ஒரு நூல். நான்கே நாள்.

பதினோராம் நாள் காலை, மைத்துனரின் புகாரின்பேரில், அவரைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவர் எதையும் மறைக்கவில்லை. தேதி, மணி, அளவு எல்லாம் சொன்னார். "பெரியவரே, இத நான் எழுதினா என்னத்தான் லீவுல அனுப்புவாங்க" என்றார் ஆய்வாளர். "அந்தத் துணிய மட்டும் நனச்சு வைக்கச் சொல்லுங்க. ஒரு சொட்டுத் தண்ணி விடச் சொல்லுங்க" என்று காலில் விழாத குறையாகக் கேட்டார். தலையாட்டினார்கள். எவரும் போகவில்லை. பதினான்காம் நாள் மாலை, ஆதாரமில்லை என்று அவரை வெளியே விட்டபோது, வீட்டுக்காரர் வீட்டைக் காலி செய்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். மேசை இருந்தது. மேசைமேல் இரண்டடி நீளத்துக்குத் தூசி படியாத ஒரு செவ்வகம் இருந்தது.

வண்டிக்காரன் அதை அன்றைக்கே வழியில் யாருக்கோ கொடுத்துவிட்டான். யாருக்கென்று நினைவில்லையாம். "கொழந்தைக்கு வெளையாட வாங்கிட்டுப் போனாங்க சார்" என்றான்.

அரைநூலார் இப்போது ஒற்றை அறையொன்றில் இருக்கிறார். காலை முதல் இருட்டும்வரை தெருத்தெருவாக நடந்து, திறந்திருக்கும் சன்னல்களின் வழியே பிறர் வீட்டு அலமாரிகளைப் பார்க்கிறார். பலர் விரட்டியிருக்கிறார்கள்.

ஜூன் இருபதாம் நாள் காலை, பூட்டியிருந்த தம் கருவிப் பெட்டியைத் திறந்தார். உப்புத்தாள் கட்டின்மேல், கட்டைவிரல் உயரத்தில், ஒரு நாற்காலி நின்றிருந்தது. அவரையே பார்த்தபடி.

நாற்காலி காலியாக இருந்தது.

இருக்கையை விரலால் தொட்டார். அப்போதுதான் ஒருவர் எழுந்துபோனதுபோல், சூடாக இருந்தது.

அந்த வீடு இன்று யாரோ ஒருவர் வீட்டில் இருக்கிறது. இரண்டடி நீளம், செங்கல் நிறக் கூரை, பின்னறைச் சுவரில், கதவுபோல் தோன்றும் இடத்தருகே ஊசித்துளை ஒன்று. இதைப் படிக்கும் உங்களிடமே அது இருக்கலாம். இருந்தால், இருக்கும் இடத்தை உடனே தெரிவியுங்கள். கத்தி வைக்காதீர்கள். குழந்தையிடமிருந்து அதை வாங்கி, சமதளத்தில், பதமாக வையுங்கள். துளையில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். உங்கள் விரலை மட்டும் அதனருகே கொண்டுபோகாதீர்கள்.

உள்ளே ஏதோ உருள்கிறதே என்று, கையில் எடுத்துக் குலுக்கிப் பார்க்காதீர்கள்.